காலி எடை

முப்பத்தொரு வருஷம் எடைமேடையில் உட்கார்ந்தவன் நான்.
திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், துறைமுகம் போகும் லாரிகளுக்கு
காலியாக ஒருமுறை, சரக்கோடு ஒருமுறை எடை பார்த்து
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச்
சீட்டு கிழித்துக் கொடுத்தவன்.

ஆளில்லாத ஒரு மழை மதியம்
என் புல்லட்டையும் மேடையில் ஏற்றினேன்.
நூற்றெண்பது என்றது.
பத்துப் பத்தாகத்தான் எண்ணும் அது.
புத்தகத்தில் போட்டிருந்த மிச்சம் ஏழை
நானே சேர்த்துக்கொண்டேன், பெருமையாக.

போன ஐப்பசியில்
மூலக்கொத்தளம் சிக்னலில்
மணலில் ஊன்றிய இடது கால் வழுக்கியது.
வண்டி விழவில்லை. சாய்ந்தது.
ராத்திரி பஸ்ஸில் தூங்குகிறவன்
பக்கத்து ஆள் தோளில் சாய்வதுபோல
மெதுவாக, உரிமையோடு,
என் மேல்.

ஆரஞ்சுச் சட்டை டெலிவரிப் பையன் ஒருவனும்
மீன்கூடையை இறக்கிவைத்த ஒருத்தியும்
தூக்கிவிட்டார்கள்.
"இன்னாத்துக்குப் பெர்சு
இந்த எருமைய மேய்ச்சிக்கினு கீறே?"
என்றாள் அவள்,
முந்தானையில் கை துடைத்தபடி.
பதில் யோசிப்பதற்குள் பச்சை விழுந்தது.

அம்பத்தூர்ப் பையன் ஒருவன் வந்து
என்ஜினில் காது வைத்துக் கேட்டுவிட்டு
பணத்தை எண்ணிக் கொடுத்தான்.
நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார்கள் வீட்டில்.
இன்சூரன்ஸ் ஜெராக்ஸைத்
தேடிக்கொண்டிருந்தேன்.

அயனாவரத்தில் கிருபானந்தம் என்பவரின் ஸ்ப்ளெண்டர்.
இரண்டாயிரத்துப் பதினொன்று, ஒரே கை.
இருபத்தெட்டு சொன்னார், இருபத்தாறரைக்கு முடிந்தது.
சீட்டின் கிழிசலில் கறுப்பு டேப்.
இடது இண்டிகேட்டர் மனசு வந்தால் எரியும்.
பின் மட்கார்டில் மஞ்சள் எழுத்தில்
'யாழினி அப்பா'.

"மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சா போயிடும் சார்,"
என்றார், அந்தப் பக்கம் பார்க்காமல்.
பொண்ணு என்ன படிக்கிறாள் என்று கேட்க வாயெடுத்தேன்.
அவர் சாவியைச் சட்டை நுனியால்
துடைத்துக்கொண்டே இருந்தார்.
கேட்கவில்லை.

"யாரு அந்த யாழினி?"
என்றாள் ரெஜினா, கதவைத் திறந்ததும்.
எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.
அதையும் சேர்த்துத்தான் கேட்டாள், சிரித்துக்கொண்டு.

முன்பெல்லாம் தெருமுனையில் நான் திரும்பும்போதே
அடுப்பில் பால் ஏறிவிடும்.
இப்போது வாசலில் நின்று ஹாரன் அடிக்க வேண்டியிருக்கிறது.
அதுவும் பூனைக்குட்டி மாதிரி.
"ஆளே வந்தது தெரியலையே," என்கிறாள்.
குறையா, நிம்மதியா,
பிரித்துச் சொல்ல வரவில்லை எனக்கு.

விட்டதா பழைய புத்தி?
காபி ஆறும்வரை கணக்குப் போட்டேன்.
நூற்றெண்பத்தேழில் நூற்றொன்பது போக
எழுபத்தெட்டு கிலோ.
"அது என் எடை," என்றாள் ரெஜினா.
"அப்ப என்னை எங்கியோ எறக்கி வச்சிட்டு வந்திருக்கே."

இடுப்பு வலி என்று
ஆறு வருஷமாகப் பின்னால் ஏறாதவள்
செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து
சீட்டின் உயரத்தைக் கையால் தடவிப் பார்த்தாள்.
மாநகரப் பஸ்ஸின் தாழ்ந்த படியில் ஏறுகிறவள்போல ஏறி
என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கழித்ததெல்லாம் திரும்ப ஏறிவிட்டது.
சீட்டு கிழித்தால் பழைய எண்தான் வரும்.
ஆனால் முட்டி ஒன்றும் சொல்லவில்லை.
ஒற்றைக் காலில் நின்றேன்,
சுடுகிற தாரில், கொக்கு மாதிரி,
அடுத்த சிக்னலிலும்.

காசிமேடு திரும்புகிற இடம்.
பின்னால் ஆட்டோவிலிருந்து ஒரு குரல்:
"யாழினி அப்பா! ஸ்டாண்டு! சைடு ஸ்டாண்டு!"

யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று
ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.
குதிகாலால் தட்டி மடித்தேன்.
கையைத் தூக்கினேன்.
ரெஜினாதான் திரும்பிப் பார்த்து
"ரொம்ப தேங்க்ஸ்பா," என்றாள்,
யாழினியின் அம்மாவாக.