எச்சம்

ஆண்டுக்கு எட்டாயிரத்து எழுநூற்று அறுபது மணி.
ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை.
என் கணிப்பொறியில் டெல்டா ஒற்றைப் புள்ளி:
கல்லணைக்குக் கிழக்கே எத்தனை ஊர் இருந்தாலும்
ஒரே கம்பியில் தொங்கும் ஒரே விளக்கு.

ஆடியில் கவலையில்லை.
மேட்டூர்த் தண்ணீர் கடைமடையைத் தொடுவதற்குள்
கணவாய்களைத் தாண்டிய காற்று
ஆரல்வாய்மொழியிலும் உடுமலையிலும் இறக்கை சுழற்றி
எங்கள் பங்கை அனுப்பிவிடும்.

கார்த்திகைதான் கண்டம்.
காற்று படுத்துவிடும். வெயிலும் வராது.
ஏழு நாள் மூட்டத்துக்கு
எத்தனை பேட்டரி வேண்டும் என்று கேட்டால்
மாடல் ஓர் எண் சொல்கிறது.
அதை மேலதிகாரியிடம் சொல்வதற்கு முன்
நான் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறேன்.

அதுகூடப் பரவாயில்லை.
கொரடாச்சேரிப் பக்கம், மூன்றாம் ஃபீடர், வைகாசி இரவுகள்.
என் கோடு தூக்கம் வந்ததுபோல் இறங்குகிறது.
உண்மைக் கோடு ஒரே தாவாகத் தாவுகிறது,
ஒருநாள் பதினொன்று ஐந்துக்கு
மறுநாள் ஒன்றேகாலுக்கு
நாற்பது இரவில் முப்பத்தெட்டு இரவு.
கணித்ததைக் கழித்தபின் நிற்பதை
எங்கள் தொழிலில் எச்சம் என்போம்.
இலக்கணத்தில் வினை முடியாமல் நிற்பதற்கும் அதே பெயர்;
அந்த நினைப்பு அப்போது எதற்கும் உதவவில்லை.

வெப்பம் சேர்த்தேன். முகூர்த்த நாள் சேர்த்தேன்.
வெட்கத்தை விட்டு, கிரிக்கெட் அட்டவணையும் சேர்த்தேன்.
எச்சம் அசையவில்லை.

பஸ் ஏறிப் போனேன்.

வயர்மேன் சவரிமுத்து கம்பத்தில் இருந்தபடியே சிரித்தார்.
"மேடம், அது ஆட்டோ சுவிட்சு."
மும்முனை எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது.
போட்டுவைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள்.
வந்த நொடியில்
நூற்றுப் பதினாறு மோட்டார் ஒன்றாய் உறுமும்.
நனைந்த நாற்றங்காலே மறுபடி நனையும்.
வராத இரவில் கன்டென்சர் மாட்டி
இரண்டு முனையிலேயே இழுக்கிற கெட்டிக்காரர்களும் உண்டு,
அதை எழுதிக்கொள்ளாதீங்க, என்றார்.
எழுதிக்கொள்ளவில்லை.

தையல்நாயகியின் வரப்போரம் சோலார் பம்பு.
தகடு முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டு.
"மடையான் எச்சம்.
வாரத்துக்கு ஒருக்கா கழுவலைன்னா
தண்ணி நூலாட்டம் வருது."
மடையானுக்கு மூன்று சதவீதம் என்று குறித்துக்கொண்டேன்.
கொக்கு தனியா, என்று கேட்டாள்.

இந்தப் பம்பு அரைக் காணிக்குத்தான் காணும்.
மிச்சத்துக்கு அவளும் ராத்திரிக் கரண்ட்தான்.
"பகல்லயே மூணு முனையும் குடுக்கலாம்னு
ஒங்க கணக்கு சொல்லுதாமே. எந்தத் தேதியிலேர்ந்து?"

என்னிடம் ஆண்டு இருந்தது.
மூன்று காட்சிகள் இருந்தன: மிதமானது, வேகமானது, மிக வேகமானது.
தேதி இல்லை.

"தேதி சொல்லுங்க.
அன்னிக்கு சுவிட்ச அணைச்சிட்டுப் படுக்குறேன்."

கடைசி பஸ்ஸில் மடியில் கணிப்பொறியைத் திறந்து
புதிதாய் ஒரு நிரல் சேர்த்தேன்.
நம்பிக்கை என்று தலைப்பு அடித்தேன்.
அலகு கேட்டது. அழித்தேன்.

வெண்ணாற்றுப் பாலம் ஏறும்போது
இரண்டு பக்கத்து இருட்டும் ஒன்றாக எழுந்து இரைந்தது.
நடத்துனர்கூடத் தலையைத் திருப்பவில்லை.
என் ஒற்றைப் புள்ளிக்குள்
இவ்வளவு சத்தமா.

மணி பார்த்தேன். பதினொன்று இருபத்திரண்டு.

அறிக்கை திங்கட்கிழமைக்குள் போக வேண்டும்.
படங்கள் தயார். பின்னிணைப்பு தயார்.
முடிவுரையின் கடைசி வாக்கியத்தில்
மூன்று நாளாய் நிற்கிறேன்:

மும்முனை மின்சாரம் பகலில்
சொன்ன நேரத்துக்கு வந்து