பதினொன்றாம் மாடியில் பனி

மீன் கிடங்கில் ஷிஃப்ட் முடிந்து
உலர்பனி இரண்டு கிலோ
தெர்மாகோல் பெட்டியில் வாங்கிவந்தேன்.
ஈசூன் வரும்வரை மடி மரத்துப்போயிருந்தது.

ஹாலோவீனுக்கு மிருதுளாவின் ஒரே நிபந்தனை:
தரை தெரியக்கூடாது.

கையுறை மாட்டி
மைலோ டின் வெந்நீரில்
ஒரு கட்டியைப் போட்டேன்.
குமுகுமுவென்று, கொதிக்காமலே கொதித்தது.
விளிம்பு வழிந்த வெள்ளை
செருப்பு அலமாரியைச் சுற்றி
மடாம் லிம்மின் கற்றாழைத் தொட்டிகளை மூழ்கடித்து
லிஃப்ட்வரை ஊர்ந்தது.

படார் படாரென்று ஜன்னல்கள் சாத்தின.
"டெங்கி மருந்தா? நோட்டீஸே ஒட்டலையே!"
கடைசி வீட்டு சுல்கிஃப்லி
பறவைக் கூண்டோடு உள்ளே ஓடினார்.

அப்போதுதான் லிஃப்ட் திறந்தது.
பரோட்டா டெலிவரிக்கு வந்தவன்
முழங்காலுக்குக் கீழே
ஒன்றுமில்லாமல் நின்றான்.

போர்வைப் பேய் என் கையைப் பிடித்துக்கொண்டது.
"அப்பா, அவருக்குக் கால் இல்லை."

பாவம் அவன்.
கைப்பேசியில் வீட்டெண்ணைப் பார்த்தான்,
எங்களைப் பார்த்தான்,
பிறகு ஒரு காலை மெல்ல உயர்த்திக் காட்டினான்.
நனைந்த கேன்வாஸ் ஷூ.
லேஸ் அவிழ்ந்திருந்தது.

நான்கு நிமிடத்தில் எல்லாம் கரைந்தது.
டின்னில் ஆறிய தண்ணீர்.
சாத்திய ஜன்னல்கள் இன்னும் திறக்கவில்லை.
என் காதோரம்
ஒரு கொசு,
ஒன்றுமே நடக்காததுபோல.