நின்றால் மட்டும்

ஓடினால் ஒரு குறையும் இல்லை.
நிலாவெளி வீதியில் அறுபதில் போகையில்
எண்பத்தைந்தாம் ஆண்டுச் சன்னி
தன் வயதை மறந்துவிடும்.
நின்றால்தான்.
அனுராதபுரச் சந்தியில் நிற்க நேர்ந்தால்
கண்ணாடிக்குள்
பின்னால் நிற்கும் பஸ் நடுங்கும்.
சாம்பல் தட்டில் கிடக்கும் இரண்டு ரூபாய்க் குற்றி
பல்லைக் கடிக்கும்.
பக்கத்து ஓட்டோக்காரன் எட்டிப் பார்த்து
"மிஸ்ஸி, காருக்குக் குளிர் காய்ச்சலோ?" என்பான்.

பல்தசார் கராஜில் நாலு பிளக்கும் மாற்றியாயிற்று.
பிறகு பொயின்ற், பிறகு கண்டென்சர்,
பிறகு காபரேட்டரைக் கழற்றிக் கழுவி
ஜெற் இரண்டையும் தேநீர்க் கோப்பையில் பெற்றோல் விட்டு ஊறப்போட்டு
"இனிச் சீவியத்துக்கும் பார்க்கத் தேவையில்லை" என்றார்.
சீவியம்
உவர்மலை ஏற்றம் வரைக்கும் இருந்தது.

நேற்று இரவு மூன்று பிரசவம்.
மூன்றாவது, மூதூரிலிருந்து வந்தவள், கொடி சுற்றிய பிள்ளை.
ஒருவரும் சாகவில்லை.
விடியுமட்டும் ஓடினேன், ஒன்றும் இல்லை.
கையெழுத்து வைக்கக் கதிரையில் இருந்தபோதுதான்
பேனை கொப்பியில் தட்டத் தொடங்கியது.
பெர்னடெற் மிஸ்ஸி பிளேன்ரீயை என் பக்கம் தள்ளினாள்,
ஒன்றும் கேட்கவில்லை.

ஏழரைக்கு வீட்டு வாசல்.
படுக்கப் போகாமல் பொனற்றைத் திறந்தேன்.
இறப்பர் கையுறை இரண்டு சோடி,
பிடி சுற்றிய குறடு.
ஓடும் இயந்திரத்தில் ஒவ்வொரு வயராய் இழுத்தேன்.
ஒன்றை இழுக்கத் திணறியது.
இரண்டை இழுக்கச் சாகப் பார்த்தது.
நாலும் அப்படியே.
மூன்றை இழுக்க
ஒன்றுமே நடக்கவில்லை,
வராத பிள்ளையின் பெயரை
இடாப்பில் கூப்பிட்டது போல.

பிளக்கில் கரியில்லை, எண்ணெயில்லை.
சுண்ணாம்பாய் வெளிறி வரண்டிருந்தது.
எங்கோ ஒரு வாய்
கணக்கில் இல்லாத காற்றைக் குடிக்கிறது.

ஸ்ரெதஸ்கோப்பின் தட்டைக் கழற்றி
ஒரு சாண் சேலைன் குழாய் செருகினேன்
(களஞ்சியப் பொறுப்பாளர் மன்னிக்க).
காபரேட்டர் அடியில் இல்லை.
மனிஃபோல்ட் ஓரத்தில் இல்லை,
வால்வுகளின் தட்டச்சு மட்டும்.
குழந்தையின் துடிப்பைத் தேடிப் பழகிய காது இது:
வயிற்றின் வலம், இடம், தொப்புளுக்குக் கீழ்,
கிடைக்கும்வரை
முகத்தைக் கல்லாய் வைத்திருக்கத் தெரிந்த காது.
பிரேக் பூஸ்ரருக்குப் போகும் தடித்த குழாய்,
அதன் அடிவளைவில்
ஸ்ஸ்ஸ் என்று
வெளிவிடாமல் உள்ளே மட்டும் போகும்
ஒரு மூச்சு.

குறட்டால் குழாயை நசித்தேன்.
நடுக்கம் நின்றது.
விட்டேன், வந்தது.
நசித்தேன்.
இரண்டு தரம் போதும். ஐந்து தரம் செய்தேன்.

ஓடும்போது ஏன் தெரியவில்லை என்றால்
ஓடும்போது அது வயிறு முட்டக் காற்றுக் கேட்கும்,
வெடிப்பால் வருவது அதற்குச் சல்லிக்காசு.
நின்று, தொண்டையை மூடி,
கொஞ்சத்தில் சீவிக்கும்போதுதான்
அந்தச் சல்லி கணக்கைக் குழப்பும்.

வெடித்த முனையில் இரண்டு விரற்கடை வெட்டி
மிச்சத்தை இழுத்து மாட்டிக் கிளிப்பை இறுக்கினேன்.
எட்டியது, மட்டுமட்டாய்.

பின்னேரம் வேலைக்குத் திரும்பும் வழியில்
கோட்டைப் பக்கம் மான்கள் தெருவை மறித்தன.
ஒன்று சாவகாசமாய் லொத்தர் சீட்டு மென்றது.
கண்ணாடிக்குள் கடல்
ஒரு கோடாய் நின்றது.
குற்றி பேசவில்லை.
இயந்திரம் நின்றுவிட்டதோ என்று
திறப்பைத் தொட்டுப் பார்த்தேன்.

மான்கள் விலக, கிளச்சை விட்டு நகர,
அந்த அமைதிக்குள்
முன் இடது சில்லுப் பக்கம்
டிக்.
டிக்.
எத்தனை மாதமாய் இருந்ததோ,
நடுக்கத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு.

இன்றைக்கு இல்லை என்றேன்.
இரண்டாம் கியரைப் போட்டேன்.