வயது: ஓர் இரவு

சனிக்கிழமை. ரியூசன் இல்லை.
காலி வீதியில் முழங்கால் வெள்ளம் என்று
சேர் மெசேஜ் அனுப்பிவிட்டார்.
என் மகள் யதுர்ஷி,
எதிர் வீட்டு ரிஃப்கி, அவன் தங்கச்சி ஸைனா.
செருப்பைக் கழற்ற முன்னமே கேட்டான்:
"ஆன்ட்டி, டைனோசர் செய்வோமா?"

டைனோசர் செய்ய எனக்குத் தெரியாது.
அது செத்துக் கிடந்த அடையாளம் செய்யலாம் என்றேன்.
"உயிர்ச்சுவடு" என்றாள் யதுர்ஷி,
சயன்ஸ் புத்தகக் குரலில்.

சுவர் ஓட்டைக்கென்று வாங்கி வைத்த
ஒரு கிலோ பிளாஸ்டர் இருந்தது.
கோதுமை மாவும் உப்பும் பிசைந்து
கடதாசிக் கோப்பைகளுக்குள் தட்டினோம்.
பிறகு வீடெல்லாம் தேடினார்கள்
செத்ததாய் ஏதாவது கிடைக்குமா என்று.

கடற்கரைச் சிப்பி இரண்டு.
ஓர் ஈர்க்குக் கறிவேப்பிலை.
நேற்றைய கோழியின் கால் எலும்பு,
சன்லைட் போட்டுக் கழுவியது.
ஸைனா தன் பெருவிரலை அமுக்கினாள்.
"நீ இன்னும் மௌத்தாகல்லயே" என்றான் அண்ணன்.
"ஒரு நாளைக்கு ஆவேன்தானே" என்றாள்,
மற்ற விரலையும் அமுக்கிக்கொண்டு.

அமுக்குவது லேசு. எடுப்பதுதான் பாடு.
சிப்பியை ஆட்டாமல் தூக்க வேண்டும்.
கறிவேப்பிலை வரமாட்டேன் என்றது;
ஊசியால் கிள்ளினோம்.

தயிர்ப் பதத்தில் கரைத்து ஊற்றினேன்.
"எத்தனை கோடி வருசம் இருக்கோணும்?"
"முக்கால் மணித்தியாலம்."

பத்து நிமிடத்தில் ரிஃப்கி கத்தினான்:
"ஆன்ட்டி, இதுக்குக் காய்ச்சல்!"
ஒவ்வொருவராய்த் தொட்டுப் பார்த்தோம்.
இறுகும்போது சூடாகும், எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
ஸைனா புறங்கையை வைத்துப் பார்த்து
பனடோல் கேட்டாள்.
கீழே ரயில் ஒன்று தெற்கே போக
கோப்பைகள் மேசையில் நடுங்கின.

பிரித்தபோது எலும்பு வந்தது, சிப்பி வந்தது.
கறிவேப்பிலை வெறும் கோடு.
இரண்டு விரல்கள் மட்டும்
கல்லுக்குள்ளிருந்து வெளியே வரப் பார்த்தன.

மீந்த பிளாஸ்டரை ரிஃப்கி
நல்ல பிள்ளையாய் சிங்க்கில் ஊற்றியதை
அன்று யாரும் காணவில்லை.

ஞாயிறு காலை தண்ணீர் இறங்கவில்லை.
லயனல் பாஸ் வந்து ஆயிரத்து ஐந்நூறு என்றார்,
குனிந்து பார்த்துவிட்டு நாலாயிரம் என்றார்.
வளைவுக் குழாயை அறுத்து, தட்டி,
தூண்டில் முள்ளாய் வளைந்த
ஒரு வெள்ளைப் பிராணியை
மடியில் வைத்துத் திருப்பினார்.
"நோனா, இதுக்கு என்ன பேர்?"

அதன் வயிற்றில் இரண்டு சோறு, கடுகு,
என் தலைமயிர், தேயிலைத் தூள்,
சித்திரையில் தொலைந்த தோட்டுச் சுரை.
அதைத் தேடிய இரவு
எதற்காகச் சண்டை பிடித்தோம் என்பது தவிர
எல்லாம் இருந்தது.

பிள்ளைகள் சிப்பியை ஓரமாய்த் தள்ளி
அதை நடுவில் வைத்தார்கள்.
சப்பாத்துப் பெட்டி மூடியில் எழுதினார்கள்:
குழாய்ச்சோரஸ். வெள்ளவத்தை.
வயது: ஓர் இரவு.
பார்க்க இருபது ரூபா.

முதல் இருபதை லயனல் பாஸ் கொடுத்தார்,
என் நாலாயிரத்திலிருந்து.