வெளியூர்

திருக்கடையூரில் பேருந்து பாதி காலியானது.
பட்டு வேட்டி, மாலைக் கூடை,
அறுபது வயது மாப்பிள்ளைகள்,
அவர்களைக் கைபிடித்து இறக்கும் மகன்கள்.
நடத்துநர் என் பக்கம் திரும்பி
"கோயில் வந்திடுச்சும்மா" என்றார்.
தரங்கம்பாடிச் சீட்டைக் காட்டினேன்.
"அங்க யாரு இருக்கா?"
யாருமில்லை, அதனால்தான்
என்று சொல்லவில்லை.

கும்பகோணத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில்
பதினொரு வருடமாக ஊர் விற்கிறேன்.
நான்கு இரவு, ஐந்து பகல், காலை உணவு உட்பட.
எந்த ஊரில் எந்த ஜன்னலுக்குக் கடல் தெரியும்,
எதற்குப் பக்கத்துச் சுவர் தெரியும்,
கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.
பாஸ்போர்ட் எடுத்ததில்லை.
எடுக்கக் கூடாது என்றும் இல்லை.

கோட்டையில் ஒரு கல்யாண ஜோடி.
கல்யாணம் அடுத்த மாதம்தானாம், படம் இப்போதே.
வெள்ளை கவுனுக்குக் கீழே
நீல வார் ரப்பர் செருப்பு.
தலைக்கு மேல் வண்டு போல ஒரு டிரோன்.
"அக்கா, ஃப்ரேம்ல வர்றீங்க."
நகர்ந்தேன்.
நகர்ந்த இடமும் ஃப்ரேம்தான் போல.
மறுபடி நகர்ந்தேன்.

மணி நான்கு. போன் அடித்தது.
சேதுராமலிங்கம் சார், பொசிட்டானோவிலிருந்து.
அங்கே பன்னிரண்டரை, வெயில் உச்சி.
"எந்தப் பக்கம் போனாலும் படிதாம்மா.
விசாலாட்சி பாதியில உட்கார்ந்துட்டா.
ஓட்டலும் தெரியல, கடலும் தெரியல."
பக்கத்தில் என்ன கடை சார்?
"செருப்புக் கடை. வாசல்லயே உட்கார்ந்து தைக்கிறான்."
அதைத் தாண்டி இடது கைப் பக்கம் வாங்க.
காகிதப்பூப் பந்தல் போட்ட சந்து வரும்.
"வருது."
எலுமிச்சம்பழம் வரைந்த தட்டுகளாக மாட்டியிருப்பார்கள்.
"மாட்டியிருக்கான். விலையப் பாத்தா மயக்கம் வருது."
வாங்காதீங்க. இறங்கிக்கிட்டே இருங்க.
பச்சையும் மஞ்சளும் ஓடு பதித்த கும்மட்டம்,
மாதா கோயில்.
அதற்குக் கீழே...
"வந்துட்டோம்."

அப்புறம் அவர் பேசவில்லை.
நானூறு ரூபாய்க்கு மூன்று நாள் பேரம் பேசியவர்,
ரோமிங்கில் காசு ஓட ஓட
சும்மா நின்றார்.
விசாலாட்சி அம்மா ஏதோ சொல்வது கேட்டது.
"எவ்ளோ நீலம்" என்றா, "எவ்ளோ நேரம்" என்றா,
சரியாக விழவில்லை.
என் முன்னால்
கோட்டையின் நிழல் மணலில் நீண்டு
தண்ணீரைத் தொடப் பார்த்தது.
தொட்ட மாதிரியும் இருந்தது.

"கடல் சத்தம் கேக்குதா தமயந்தி?"
கேக்குது சார்.
எந்தக் கடல் என்று அவர் கேட்கவில்லை.
பிறகு, வேறு குரலில்:
"இங்க தயிர் எங்கம்மா கிடைக்கும்?"

மாசிலாமணிநாதர் கோயிலைத் தாண்டி
அலை தின்றது போக மிஞ்சிய கற்களில் உட்கார்ந்து
வறுத்த நெத்திலி தின்றேன்.
வலையில் சிக்கிய நண்டுகளைப் பிய்த்துக்கொண்டிருந்த பெண்
நிமிராமலே "ஷூட்டிங் கோஷ்டியா?" என்றாள்.
இல்லை, பார்க்க வந்தேன்.
"எதை?"
கையால் கடலைக் காட்டினேன்.
அவளும் திரும்பிப் பார்த்தாள்,
அங்கே புதிதாக ஏதோ வந்திருக்கிறதோ என்பது போல.
பார்த்துவிட்டு
"நண்டு வேணுமா?" என்றாள்.

திரும்புகிற பேருந்தில் என் பக்கத்தில்
காலையில் இறங்கிய மாப்பிள்ளைகளில் ஒருவர்,
மாலை வாடிய மணத்தோடு தூங்கி வழிந்தார்.
அவர் மனைவி எனக்கு அதிரசம் ஒன்று கொடுத்துவிட்டு
செருப்பிலிருந்து மணல் உதறுவதைப் பார்த்தாள்.
"எங்க போயிட்டு வர்றீங்க?"

ஆக்கூர் தாண்டி நாற்று வயல்,
ஒரு வாய்க்கால், அதில் நிற்கும் கொக்கு.
வாயில் அதிரசம் இருந்ததால்
கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னேன்.

வெளியூர்.