மூன்றாம் தளத்தைத் தொடாதவன்

ஏப்ரலில் எனக்கு ஒரு நீலக் கோட்டும்
ரயில் பாஸும் தந்தார்கள்.
ஒன்பது பேர் ஒரு பக்கம், ஒன்பது பேர் மறுபக்கம்,
நடுவே நான் ஒருவன்,
ஹிராம் ஸ்டோக்லி,
முன்பு ரயில் யார்டில் பிரேக் பிடித்தவன்,
இடக்கையில் சுண்டுவிரல் இல்லாதவன்.

அந்த வருஷம் பந்தெறிபவனைப்
பின்னுக்குத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள்.
அறுபதடி ஆறங்குலம்.
அந்த ஆறங்குலம் எதற்கென்று
ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.
மட்டைகளுக்கு நல்ல காலம்.
மாலை வரை ஒரே பந்துதான்;
ஐந்தாவது இன்னிங்ஸில் அது
புகையிலைச் சாறு ஊறிக் கறுத்த
அவித்த உருளைக்கிழங்கு.
எட்டாவதில், மங்கிய வெளிச்சத்தில்,
அது இருக்கிறதென்று நம்பித்தான்
தீர்ப்புச் சொன்னேன்.

டொலிடோவில் முட்டை.
வீலிங்கில் நிலக்கரித் துண்டு.
எவன்ஸ்வில்லில் ஒரு சீமாட்டி
தொப்பி ஊசியை உருவிக்கொண்டு வேலி வரை வந்தாள்.
கல்லடியும் பட்டேன், கண்ணடியும் பட்டேன்;
எது வலித்ததென்று கேட்டால்,
பின்கதவு வழியாக என்னை வெளியேற்றிய
போலீஸ்காரன் சிரித்த சிரிப்பு.
விடுதிப் பதிவேட்டில்
பல் மருத்துவர் என்று எழுதினேன்.
நடுராத்திரி ஒருத்தி
தாடையைப் பிடித்தபடி கதவைத் தட்டினாள்.

எனக்கு இருப்பவை இரண்டு கண்கள்.
பந்து வலக்கோடியில் விழும்போது
அவை பந்தோடு போய்விடும்.
அந்த நேரம் பார்த்து
டெனிஸ் மல்கேரி
இரண்டாம் தளத்திலிருந்து
மூன்றாவதைத் தொடாமலே
புல்லைக் குறுக்கே கிழித்து
வீடு சேர்வான்.
மைதானம் முழுக்கப் பார்த்திருக்கும்.
நான் மட்டும் பார்த்திருக்க மாட்டேன்.
பார்க்காததை எப்படிச் சொல்வது?
"ரன்" என்பேன்.
கேட்சர் முகமூடியைக் கழற்றி
என் தாயைப் பற்றி ஒன்று சொல்வான்.
மல்கேரி தொப்பியைத் தொட்டு
எனக்கொரு வணக்கம் வைப்பான்.
அதுதான் தாங்காது.

மே மாதம், ராத்திரி ரயிலில்
எதிர் இருக்கையில் அவன்.
ஷூவைக் கழற்றிக் கணுக்காலில்
ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தான்.
பூசணியாய் வீங்கிய கால்.
"நேர்வழிக்கு இது தாங்காது, ஐயா" என்றான்,
"குறுக்குவழிக்குத்தான் தாங்கும்."
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
சோளக்காடு, இருட்டு, சோளக்காடு.

ஜூனில் வங்கிகள் சாய்ந்தன.
ஜூலையில் டெர்ரஹோட் அணி
ஒரு செவ்வாய்க்கிழமை இல்லாமல் போனது:
பலகையில் 'இன்று ஆட்டம்' என்றிருக்க
வாசலில் பூட்டு.
ஆகஸ்டில் இன்னும் இரண்டு அணிகள்.
சம்பளத்துக்குப் பதில் லீக் தலைவர்
கடிதம் அனுப்பினார். அழகான கையெழுத்து.
லவீனியா எழுதினாள்:
ஆலையில் வாரம் மூன்று நாள்தான் வேலை,
உங்கள் நீலக் கோட்டை விற்கலாமா?
அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்
என்று பதில் போட்டேன்.

செப்டம்பரின் கடைசிச் சனி. டொலிடோ.
தூறல். மரப்படிகளில் முப்பத்தொரு பேர்,
பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
ஜெயித்தாலும் தோற்றாலும்
பட்டியலில் அதே இடம்.
ஒன்பதாவது இன்னிங்ஸ்,
இரண்டாம் தளத்தில் மல்கேரி.
அடி. பந்து வலக்கோடிக்கு.
என் கண்கள் அதன் பின்னே போயின, பழக்கம்.
அப்புறம் ஏனோ திரும்பின.

அவன் மூன்றாம் தளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான்.
சுற்றி என்றால், முழுசாகச் சுற்றி,
சேறு குடித்த அந்தக் கித்தான் பையை
இடக்காலால், அந்தக் காலால்,
அழுத்தி மிதித்து,
நாளைக்கு யாரோ கணக்குக் கேட்பார்கள் என்பதுபோல.

பந்து அவனுக்கு முன்பே வந்து
கேட்சர் கையில் காத்திருந்தது.
குறுக்கே வந்திருந்தால் பிழைத்திருப்பான்.

"அவுட்" என்றேன்.
கத்த வேண்டியிருக்கவில்லை.
ஒருவரும் எதையும் எறியவில்லை.
சேற்றில் உட்கார்ந்தபடியே
"பார்த்தீர்களா?" என்றான்.
"பார்த்தேன்" என்றேன்.
கை கொடுத்தேன், நாலு விரல் கையை.
பிடித்து எழுந்து நொண்டிக்கொண்டே போனான்.

கோட்டுப் பையில் ஒரு பந்து மிச்சம்,
உறை பிரிக்காதது,
லீக் கணக்கில் ஒன்றரை டாலர்.
திருப்பித் தரலாமென்று
அலுவலகத்துக்குப் போனேன்.
நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.