முப்பது சென்ட்

மோதிரம் மதுரையில் வாங்கியது.
தெற்காவணி மூல வீதி. ஆறு நகம், நடுவில் ஓட்டை.
"கல்லு எங்கக்கா?" என்றான் விற்ற பையன்.
வீட்டில் இருக்கு என்றேன்,
தூங்கும் பிள்ளையைப் பூட்டிவிட்டு வந்தவள் மாதிரி.

இராமநாதபுரம் சாலைத் தெருவில் களஞ்சியம் ஆசாரி
தோட்டை வாங்கியதும்
முகத்தைப் பார்க்கவில்லை, முதுகைப் பார்த்தார்.
திருகு நழுவாதிருக்க
உம்மா சுற்றிவைத்த பச்சை நூல்.
"ஒத்தைதானா?"
"ஒத்தைதான்."

வாப்பா மவுத்தாகி நாற்பது கழிந்ததும்
எல்லாம் பிரித்தோம்: அண்டா, சீனாக் கோப்பை,
பின்கட்டுத் தென்னை மூன்றில் ஒன்றரை.
ஒரு சோடித் தோட்டை எப்படிப் பிரிக்க?
மர்ழியா ராத்தா இரண்டையும் உள்ளங்கையில் வைத்து
"நீ முதல்ல எடு" என்றாள்.
இடது பக்கத்ததை எடுத்தேன்.
காரணம் ஒன்றுமில்லை. அது என் பக்கம் இருந்தது.

நூலை அறுத்து, கல்லைக் கழற்றி
பேனா போல ஒன்றை அதன்மேல் வைத்தார்.
கீ என்று கத்தியது.
"நல்ல கல்லு. முப்பது சென்ட் வரும்."

முப்பது சென்ட் என்றால் எங்கள் ஊரில்
வீடு கட்டி, கிணறு தோண்டி,
மிச்சத்தில் அண்ணன் தம்பி வழக்கும் போடலாம்.
இங்கே அது ஒரு துவரம்பருப்பு.

"ஓட்டை பெருசு, கல்லு சிறுசு.
நகத்தை உள்ள வளைக்கணும்.
மோதிரத்துக்குச் சேதம்னா நான் பொறுப்பு.
கல்லுக்குன்னா நீங்க."
சரி என்றேன். ரசீது எழுதினார்:
முபீனா, கீழக்கரை. கல் ஒன்று. மோதிரம் ஒன்று.
இரண்டும் வேறு இடம்.

நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுபவள்.
பார் எண்ணி, லோடு எண்ணி, உருகியதைக் கழிப்பவள்.
வெளிச்சம் உள்ளே போய் வெளியே வரும் எதையும்
கண்ணெடுக்காமல் பார்த்துத்தான் பழக்கம்.
அவருக்கும் அது தெரிந்தது.
ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார்.
மின்விசிறியை நிறுத்தினார்.

அரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னார்:
"இந்தப் பச்சை நூலு
போன மாசம் ஒரு தோட்டுல பாத்தேன்."

நான் எதுவும் கேட்கவில்லை.

"விக்க வந்தாங்க. மிஷினை வச்சேன்.
சத்தமே இல்ல."
"யாரு?"
"விக்காமப் போனவங்களுக்கு ரசீது ஏது?"
"நீங்க என்ன சொன்னீங்க?"
"கண்ணாடின்னு சொன்னேன்.
அப்படியான்னு சிரிச்சாங்க.
டீ சொன்னேன். குடிச்சிட்டுத்தான் போனாங்க."

போன மாதம்.
அதற்குப் பிறகுதான்
ஒரு கிண்ணம் தொதல் கொடுத்தனுப்பினாள்.
அதற்குப் பிறகுதான் மதில்மேல் கை வைத்து
"தோட்டை என்ன செஞ்சே?" என்று கேட்டு,
மோதிரமாக்கப் போறேன் என்றதும்
"நல்லா செய். நல்ல கல்லு" என்றாள்.

கொழும்புக் கல்லுக்கடையில் இருபது வருசம்
எடை போட்ட வாப்பாவுக்குத் தெரியாமலா?
குளிக்கும்போது ஒன்றைத் தொலைத்துவிட்டு
உம்மா யாரிடமும் சொல்லாமல் கண்ணாடி பதித்தாளா?
என் கல்யாணத்துச் சாப்பாட்டுக் கடன்
எப்படி அடைந்தது என்று
நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆறு நகமும் கல்லைப் பிடித்தன.
கழுவி, துடைத்து, நீட்டினார்.
"காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க.
சத்தம் வரக் கூடாது."
ஆட்டினேன்.
சத்தமே இல்லை.

திருப்புல்லாணி தாண்டி உப்புக்காற்று வந்தது.
ஜன்னலுக்கு வெளியே கருவேலம், பனை, கருவேலம்.
சில்லறை கேட்ட கண்டக்டர்
என் விரலையே ஒரு கணம் பார்த்தார்.
கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.
மூடிய கைக்குள் உறுத்தியது,
செருப்புக்குள் மணல் மாதிரி.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தால்
ராத்தா வீட்டு வாசல்தான் முதலில் வரும்.